சீட்டும் பசியும்

இளையோர்க்கென எழுந்த ஆங்கிலப் புனைகதைகளுள், வருங்காலக் கொடுங்கோல் அரசைக் களமாகக் கொண்டவை தனி வகையாக எண்ணத்தக்கன. அமெரிக்க எழுத்தாளர் சூசன் காலின்ஸ் 2008 முதல் 2010 வரை வெளியிட்ட 'தி ஹங்கர் கேம்ஸ்' முந்நூல் வரிசை அவ்வகையுள் பெரிதும் அறியப்பட்டது. முதல் நூலில் அமைந்த சீட்டு முறையை மட்டும் ஈண்டு ஆராய்வோம்.

முன்னாளில் கிளர்ந்தெழுந்தமைக்குத் தண்டமாக, 12 மாவட்டங்களும் ஆண்டுதோறும் 12 முதல் 18 வரை அகவையுடைய ஓர் இளைஞனையும் ஒரு பெண்ணையும் கொலைக்களத்திற்கு அனுப்புதல் வேண்டும். 24 பேருள் ஒருவரே உயிருடன் மீள்வர் என்பது விதி. 12 அகவையில் ஒரு சீட்டு. பின்னர் ஆண்டுக்கு ஒன்று கூடும். இம்மட்டில் விதி அனைவர்க்கும் பொதுவே. ஆயின், வறியோர் தம் பெயரில் மேலும் ஒரு சீட்டினை இட இசைந்தால், ஓராளுக்குரிய கூலமும் எண்ணெயும் பெறலாம். 16 அகவையினளாகிய தலைவி காட்னிஸின் சீட்டுகள் 20. அவற்றுள் அகவையால் வந்தவை 5. பசியால் வந்தவை 15.

எனினும், முதலில் எடுக்கப்பட்டது ஒரே சீட்டுடைய தங்கை பிரிமின் பெயரே. அவளைக் கூலம் பெறவிடாது காத்தவளும், இப்போது அவளுக்கு ஈடாக முன்வருபவளும் காட்னிஸ் ஆவாள். தனியொருவர் அன்பு இடரைக் குறைக்கலாம். கொடிய முறையினின்று விடுவிக்க அது மட்டும் போதாது என்பது இதனாற் பெறப்படும்.

இந்நூலைப் படிக்கும் இளையோர் பலரும் அவ்வகவையினரே. தமக்குரிய சீட்டுகள் எத்துணை என அவர்கள் எண்ணத் தொடங்கும்போதே, அரசியல் கல்வியும் தொடங்கிவிடுகின்றது. ஆதலின், இவற்றை வெறும் பொழுதுபோக்கு நூல்கள் என ஒதுக்குதல் பொருந்தாது என்பதே எம் துணிபு.