வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள்! தென் பிரான்ஸ் ரயிலில் இதெல்லாம் தெரியுமா?

ஒரு ரயில் வருகிறது. அவ்வளவுதான் கதை! தூரத்தில் புள்ளியாகத் தெரிந்த இன்ஜின் பெரிசாகிக்கொண்டே வந்து பிளாட்பாரத்தில் நிற்கிறது. கதவுகள் திறக்கின்றன, ஜனம் இறங்குகிறது, ஏறுகிறது. 50 விநாடியில் படமே முடிந்துவிடும். லூமியேர் சகோதரர்கள் எடுத்த இந்தத் துண்டுப் படத்தைப் பற்றிக் கேள்விப்படாத சினிமா ரசிகர் உண்டா? ஆனால் அந்த ஸ்டேஷன் எங்கே இருக்கிறது தெரியுமா? தென் பிரான்ஸில், மார்செய்க்கும் தூலோனுக்கும் நடுவே, லா சியோத்தா என்கிற கடலோர ஊரில்! இன்றைக்கும் அங்கே உள்ளூர் ரயில்கள் நிற்கின்றன. நீங்கள் குடும்பத்தோடு போய் அதே ஸ்டேஷனில் இறங்கலாம்!

ரயில் திரையைக் கிழித்துக்கொண்டு வந்துவிடுமோ என்று பயந்து ஜனங்கள் எழுந்து ஓடினார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். அதற்கு உறுதியான சான்று கிடையாது. அதைவிட அழகான ஒரு நிஜம் இருக்கிறது. அந்தப் பிளாட்பாரக் கூட்டத்தில் லூமியேர் வீட்டு ஆட்களே நடமாடுகிறார்கள்! அந்த ஊரில் அவர்களுக்குக் கோடைக்கால வீடு இருந்தது. ஆக, உலகமே பார்த்த அந்த ரயில் படத்துக்குள் ஒளிந்திருப்பது தென் பிரான்ஸுக்குப் போன ஒரு குடும்பத்தின் விடுமுறை! அதே ஊரில் 1889-ல் திறந்த ஈடன் தியேட்டரைப் புதுப்பித்து, 2013-லிருந்து மறுபடி படம் ஓட்டுகிறார்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் தவறவிடவே கூடாத இடம்.

சரி, பயணத்தை எங்கே தொடங்குவது? பாரிஸில். லண்டனிலிருந்து யூரோஸ்டாரில் வந்தால் கார் து நோர் ஸ்டேஷனில் இறங்குவீர்கள். தெற்கே போகும் அதிவேக ரயில்கள் பெரும்பாலும் கார் து லியோன் ஸ்டேஷனிலிருந்து கிளம்புகின்றன. இரண்டும் வேறு வேறு ஸ்டேஷன்கள்! பதற வேண்டாம். ஆர்.இ.ஆர். டி ரயிலில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் கார் து லியோன். ஆனால் அவசரப்பட்டு ஏறிவிடாதீர்கள். கார் து நோரிலிருந்து நடக்கிற தூரத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? லாச்சப்பல்! ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக நிற்கிற தெருக்கள். இடியப்பம், மட்டன் ரோல்ஸ், வடை எல்லாம் கட்டிக்கொண்டு ரயிலேறலாம். ரயிலில் சொந்தச் சாப்பாடு சாப்பிட எந்தத் தடையும் இல்லை.

கார் து லியோனில் பிளாட்பாரங்களுக்கு ஒரு பக்கம் எழுத்துகள், மறுபக்கம் எண்கள் என்பது தெரியுமா? முதல் கூடத்தில் ஏ, பி, சி என்று எழுத்து. இரண்டாம் கூடத்தில் எண். உங்கள் ரயில் எந்தப் பிளாட்பாரம் என்பதைக் கிளம்புவதற்குச் சுமார் 20 நிமிடம் முன்புதான் பலகையில் போடுவார்கள். அதுவரை மொத்தக் கூட்டமும் அண்ணாந்து பார்த்தபடி நிற்கும், போட்டதும் ஒரே ஓட்டம்! கிளம்ப 2 நிமிடம் இருக்கும்போதே கதவுகள் மூடிவிடும். 10.00 மணி ரயில் என்றால் உங்களுக்கு அது 9.58 ரயில் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

இதில் ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு. 1911 வரை பிரான்ஸ் ஸ்டேஷன்களில் வெளிச்சுவர்க் கடிகாரம் ஒரு நேரம் காட்டும், உள்ளே பிளாட்பாரக் கடிகாரம் அதைவிட 5 நிமிடம் பின்தங்கி ஓடும். வெளியே மணியைப் பார்த்து அரக்கப்பரக்க ஓடிவருகிறவருக்கு உள்ளே 5 நிமிடம் மிச்சம் கிடைக்கும்! என்ன ஒரு கரிசனம்!

கார் து லியோன் ஸ்டேஷனின் மாடியில் 1901-ல் திறந்த ஒரு உணவகம் இருக்கிறது, பெயர் 'நீல ரயில்'. உள்ளே நுழைந்தால் தலைக்கு மேலே தங்க வேலைப்பாடு, சுவரெல்லாம், கூரையெல்லாம் 41 ஓவியங்கள். என்ன ஓவியம் தெரியுமா? அந்தக் காலத்தில் அங்கிருந்து ரயிலேறிப் போகக்கூடிய ஊர்கள்! மார்செய், நீஸ், மோனகோ என்று நீங்கள் போகப் போகிற இடங்களைக் கூரையிலேயே பார்த்துவிடலாம். சாப்பாடு விலை கூடுதல்தான். ஒரு காபியோடு அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தாலும் போதும்.

இப்போது ரயில்! பாரிஸிலிருந்து மார்செய்க்குச் சுமார் 750 கிலோமீட்டர். டி.ஜி.வி. என்கிற அதிவேக ரயில் இதை 3 மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொண்டு கடந்துவிடுகிறது. 2001 ஜூனில் தெற்குப் பாதை திறந்தபோது வந்த வேகம் இது. அதற்குச் சில நாள் முன்பு ஒரு சாதனை ஓட்டம் நடந்தது. வடகோடியில் இருக்கும் கலேயிலிருந்து மார்செய் வரை 1,067 கிலோமீட்டரை ஒரு டி.ஜி.வி. எங்கும் நிற்காமல் மூன்றரை மணி நேரத்துக்குள் ஓடி முடித்தது! நாட்டின் ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்கு, ஒரு சினிமா பார்க்கிற நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலில்!

மணிக்கு 300 கிலோமீட்டரில் போகும்போது டிரைவருக்குப் பாதையோர சிக்னல் விளக்கைப் பார்த்துப் புரிந்துகொள்ள நேரமே இருக்காது தெரியுமா? அதனால் அதிவேகப் பாதையில் அந்த விளக்குகளே கிடையாது. எவ்வளவு வேகத்தில் போகலாம் என்ற தகவல் தண்டவாளம் வழியாகவே அவருடைய மேஜைக்கு வந்துவிடுகிறது. இன்னொன்றைக் குழந்தைகளிடம் கேளுங்கள்: பிரான்ஸில் கார் சாலையின் வலப்பக்கம் ஓடும், ரயில் எந்தப் பக்கம்? இடப்பக்கம்! ஆரம்பகாலப் பாதைகளில் பிரிட்டிஷ் பொறியாளர்களின் கை பட்டதால் வந்த வழக்கம் என்கிறார்கள்.

பெரும்பாலான தெற்கு ரயில்கள் மாடி ரயில்கள். பெட்டிக்குப் பெட்டி போகும் வழி மேல்தளத்தில்தான் இருக்கிறது, பலகாரக் கடைப் பெட்டியும் மேலேதான். ஆகவே பிள்ளைகளுக்கு மாடி. முழங்கால் வலிக்கிற தாத்தா பாட்டிக்கும் கனத்த பெட்டிகளுக்கும் கீழ்த்தளம். நாலு பேர் என்றால் 'கர்ரே' கிடைக்குமா என்று பாருங்கள். எதிரும் புதிருமாக நாலு சீட், நடுவில் மேஜை. ரோல்ஸைப் பிரித்து வைத்துச் சீட்டாட இதைவிட என்ன வேண்டும்! ஒவ்வொரு லக்கேஜிலும் பெயர் எழுதிய சீட்டு கட்டியிருக்க வேண்டும், அது கட்டாயம்.

இனிதான் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். அந்த அதிவேகம் எல்லாம் மார்செய் அருகோடு முடிந்துவிடுகிறது என்பது தெரியுமா? பாரிஸ்-மார்செய் 750 கிலோமீட்டருக்கு 3 மணி நேரம். மார்செய்-நீஸ் 225 கிலோமீட்டருக்கு இரண்டரை மணிக்கும் மேலே! இதைப் பார்த்துவிட்டுப் பலர் விமானமே தேவலை என்று போய்விடுகிறார்கள். ஐயோ, செய்யாதீர்கள்! அந்த மெதுவான துண்டுதான் பயணத்தின் உயிர். 19-ஆம் நூற்றாண்டில் போட்ட பாதை அது. சான் ரஃபாயெல் ஊரைத் தாண்டியதும் எஸ்தெரேல் மலை கடலுக்குள் இறங்குகிறது. பாறை செங்கல் நிறத்தில் இருக்கும். அதன்மேல் பச்சைப் பைன் மரம், கீழே நீலக் கடல். ரயில் ஒரு குகைக்குள் நுழைந்து இருட்டாகும், வெளியே வந்தால் ஒரு குட்டி விரிகுடா, அதில் இரண்டு படகு, மறுபடி குகை, மறுபடி கடல்! பிள்ளைகள் மூக்கைக் கண்ணாடியில் பதித்துவிடுவார்கள். நீஸ் நோக்கிப் போகும்போது கடல் வலப்பக்கம். திரும்பும்போது இடப்பக்கம். இந்த ஒரு வரியை மட்டுமாவது குறித்துக்கொள்ளுங்கள்.

மெதுவாகப் போவதை விரும்பிய ஒரு பயணி இருந்தார். விக்டோரியா மகாராணி! 1890-களில் நீஸுக்கு வரும்போது அவருடைய தனி ரயில் பகலில் மணிக்கு 35 மைலுக்கு மேல் போகக் கூடாது, இரவில் 25 மைல்தான். காலையில் அவர் உடுத்திக்கொள்வதற்காக ரயிலையே நிறுத்தி வைப்பார்கள்!

அப்போது இந்தக் கடற்கரை அரச குடும்பங்களுக்கும் பெரும் பணக்காரர்களுக்கும்தான். அது எப்போது மாறியது தெரியுமா? 1936-ல்! அந்த ஜூனில் பிரான்ஸ் தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு 2 வாரம் சம்பளத்தோடு விடுமுறை என்று சட்டம் வந்தது. விடுமுறை கிடைத்தால் மட்டும் போதுமா, போக வழி வேண்டாமா? லியோ லக்ராஞ்ச் என்ற இளம் துணை அமைச்சரின் முயற்சியில் ரயில் கட்டணத்தில் 40% தள்ளுபடி டிக்கெட் வந்தது. அந்தக் கோடையில் லட்சக்கணக்கானவர்கள் குழந்தை குட்டியோடு ரயிலேறினார்கள். அவர்களில் எத்தனையோ பேர் வாழ்க்கையில் முதன்முறையாகக் கடலைப் பார்த்தார்கள். ஆலையில் நின்று காய்த்துப்போன கால்கள் அன்றைக்குக் கடல் நீரில் நின்றதை நினைத்தால் எனக்கு இப்போதும் மயிர்க்கூச்செறிகிறது. குடும்பத்தோடு கடலுக்கு ரயிலில் போவது இந்த நாட்டில் போராடிப் பெற்ற உரிமை!

டிக்கெட் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 4 வயதுக்குக் கீழே மடியில் உட்கார்ந்தால் இலவசம், தனி சீட்டுக்குச் சிறு தொகை. வருடத்துக்கு 49 யூரோ கட்டி 'அவான்தாஜ்' அட்டை எடுத்தால் பெரியவருக்கு 30%, கூட வரும் 4 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு 60% குறையும். வார இறுதி பற்றிய நிபந்தனைகளைப் படித்துவிட்டு வாங்குங்கள். இந்தியாவிலிருந்து போகிறவர்கள் யூரெயில் பாஸ் எடுத்தால் ஒரு பெரியவரோடு 12 வயது நிரம்பாத இரண்டு பிள்ளைகள் இலவசம். ஆனால் பாஸ் இருந்தாலும் டி.ஜி.வி.க்குத் தனியாக சீட் பதிய வேண்டும், அந்த இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். உள்ளூர் டி.இ.ஆர். ரயில்களுக்குப் பொதுவாகப் பதிவே வேண்டாம். பிரான்ஸில் குளிர்கால, வசந்தகாலப் பள்ளி விடுமுறைகளை மூன்று மண்டலங்களாகப் பிரித்து முன்பின்னாக விடுகிறார்கள். எல்லோரும் ஒரே நாளில் ரயிலேறிவிடக் கூடாதே! கோடை விடுமுறை மட்டும் எல்லோருக்கும் ஒன்றாக. அதனால் ஜூலை, ஆகஸ்ட் டிக்கெட்டை விற்பனை திறந்ததுமே வாங்கிவிடுங்கள்.

டிக்கெட்டில் ஊர்ப் பெயருக்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 'அவிஞோன் டி.ஜி.வி.' வேறு, 'அவிஞோன் சாந்த்ர்' வேறு! முன்னது ஊருக்கு வெளியே. அங்கிருந்து ஊருக்குள் போக 5 நிமிட இணைப்பு ரயில் உண்டு. எக்ஸ் ஊரின் டி.ஜி.வி. நிலையமோ ஊரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தள்ளி, பஸ் பிடிக்க வேண்டும். மார்செயில் இந்தத் தொல்லை இல்லை, சான் ஷார்ல் ஸ்டேஷன் ஊருக்குள்ளேயே குன்றின்மேல் நிற்கிறது. ஆனால் வாசலில் 104 படிகள்! ஓரத்தில் அக்காலக் காலனிகளைக் குறிக்கும் கற்சிலைகள். மார்செய்த் துறைமுகத்திலிருந்துதான் புதுச்சேரிக்கும் கப்பல்கள் போய்வந்தன. லக்கேஜ் இருந்தால் நேரே மெட்ரோவுக்கு இறங்கிவிடுங்கள், படிகளை வெறுங்கையோடு வந்து பாருங்கள்.

இரவில் தூங்கி, காலையில் கடலோரத்தில் விழித்தால்? அதற்கும் ரயில் இருக்கிறது! 2017-ல் நின்றுபோன பாரிஸ்-நீஸ் இரவு ரயில் 2021 மே மாதம் மறுபடி ஓடத் தொடங்கியது. ஓஸ்தெர்லிட்ஸ் ஸ்டேஷனிலிருந்து இரவு கிளம்பும். முதல் வகுப்பில் ஓர் அறைக்கு 4 பெர்த், இரண்டாம் வகுப்பில் 6. குடும்பத்துக்கு ஓர் அறையே எடுத்துவிடலாம். விடியும்போது திரையை விலக்கினால் மத்தியதரைக் கடல்!

நீஸ் பக்கம் போகாமல் ஸ்பெயின் எல்லைப் பக்கம் போகிறவர்களுக்கு வேறு அதிசயங்கள். நர்போனுக்கும் பெர்ப்பினியானுக்கும் இடையே இருபுறமும் தண்ணீர், நடுவில் தண்டவாளம். உப்பங்கழியில் பூநாரைகள் ஒற்றைக்காலில் நிற்பதை சீட்டில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம்! அங்கிருந்து மலையேறினால் மஞ்சள் ரயில். மீட்டர் கேஜ் பாதையில் 63 கிலோமீட்டர், கோடையில் கூரையில்லாத பெட்டிகள்! வழியில் வரும் பொல்கேர் ஸ்டேஷன் கடல் மட்டத்திலிருந்து 1,592 மீட்டர் உயரம். கடைசி ஸ்டேஷன் லத்தூர் து கரோலில் மூன்று வேறு அகலத் தண்டவாளங்கள் ஒரே ஸ்டேஷனில் வந்து சேர்கின்றன: மஞ்சள் ரயிலின் மீட்டர் கேஜ், பிரான்ஸின் வழக்கமான அகலம், ஸ்பெயினின் அகலப் பாதை. ரயில் பைத்தியம் பிடித்த பிள்ளை வீட்டில் இருந்தால் அங்கிருந்து கிளப்பவே முடியாது!

ஆர்ல் ஊரை விட்டுவிடாதீர்கள். 1888 பிப்ரவரியில் வின்சென்ட் வான்கோ பாரிஸிலிருந்து ரயிலேறி வந்து இறங்கிய ஊர். ஸ்டேஷனிலிருந்து சில நிமிட நடையில் லமார்த்தின் சதுக்கம். அங்கேதான் அவர் தங்கி, வரைந்ததால் உலகப் புகழ் பெற்ற 'மஞ்சள் வீடு' இருந்தது. 1944-ல் குண்டுவீச்சில் அந்த வீடு போய்விட்டது. ஆனால் ஓவியத்தின் ஒரு பிரதியைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். மஞ்சள் வீட்டைத் தாண்டி, வலது ஓரத்தில் தெரு முடிகிற இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஒரு பாலம், அதன்மேல் வெள்ளைப் புகை விட்டுக்கொண்டு ஒரு குட்டி ரயில்! பிறகு தலையை நிமிர்த்திப் பாருங்கள். அங்கே இன்றும் ஒரு ரயில் பாலம் இருக்கிறது. கொஞ்சம் காத்திருந்தால் ரயிலும் வரும்.