மணித்தியாலங்களைச் சேமிப்பவர்கள்

பெரிய பயணிகள் விமானத்தை ஓட்டும் விமானி முதன்முதலாக எங்கே பழகியிருப்பார்? இலங்கையில் பெரும்பாலும் இரத்மலானையில்தான். இரத்தினபுரியிலிருந்து பஸ்ஸில் பாணந்துறைக்குப் போய்க் காலி வீதியில் ஏறினால் அந்தப் பழைய விமான நிலையம் வந்துவிடும். நாட்டின் முதல் விமான நிலையம் அது, 1938இல் திறக்கப்பட்டது. இன்று விமானப் பயிற்சிப் பள்ளிகள் அங்கே இயங்குகின்றன.

பழகுவது செஸ்னா போன்ற சின்னஞ்சிறு விமானத்தில். பக்கத்தில் பயிற்றுநர் இருப்பார். பிறகு ஒருநாள் அவர் இறங்கிக்கொள்வார். மாணவர் தனியே மேலெழுந்து, ஒரு சுற்று வந்து தரையிறங்க வேண்டும். எந்த விமானியும் மறக்காத நாள் அது.

முதல் பயிற்சிப் பறப்பிலிருந்தே பறந்த ஒவ்வொரு மணித்தியாலமும் பதிவேட்டில் ஏறும். வர்த்தக விமானி அனுமதிப்பத்திரத்துக்குப் பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். பறந்த நேரமும் பொதுவாக 200 மணித்தியாலத்தைத் தொட வேண்டும். எழுத்துப் பரீட்சைகளும் ஆங்கிலத் தேர்ச்சியும் அவசியம். அதன் பின்னரே விமான நிறுவனத்தில் துணை விமானியாகச் சேர முடியும்.

கண், காது, இதயம் யாவும் கடுமையான மருத்துவப் பரிசோதனையில் தேற வேண்டும். பயிற்சிக் கட்டணமோ மிகப் பெரியது. ஆகவே, பணம் கட்டுவதற்கு முன் அந்தப் பரிசோதனையை முடித்துவிடுங்கள்.