புதிய படக் கருவியும் பழைய சூழொலி அமைப்பும்

பள்ளிகள், பயிற்சி நிலையங்கள் சிலவற்றின் கூட்ட அறைகளில், ஐந்து ஒலிபெருக்கிகளும் தாழ்ந்த சுருதிக்கெனத் தனியே ஒரு பெட்டியும் கொண்ட சூழொலி அமைப்பு இருக்கக் காணலாம். டி.வி.டி. தட்டுகள் வழக்கிலிருந்த காலத்தில் வாங்கப்பட்ட அது இன்றும் பழுதின்றி இயங்கக்கூடும். ஆயினும் புதிய தொலைக்காட்சிப் பெட்டியோ, இணையவழிப் படங்களைக் காட்டும் கருவியோ வந்தவுடன், “இதனுடன் அது சேராது” என்று கூறி அதனை ஒதுக்கிவிடுவதுண்டு. இம்முடிவு பெரும்பாலும் தவறானது. நிலையத்திற்கு வீண் செலவும், நாட்டிற்கு மின்னணுக் கழிவுமே இதன் பயன்.

தடை எங்கே?

படத்தையும் ஒலியையும் ஒரே கம்பியில் கொண்டுசெல்லும் எச்.டி.எம்.ஐ. முறையின் முதல் விதிமுறை 2002 டிசம்பரில் வெளியாயிற்று. அதற்கு முற்பட்ட ஆம்ப்ளிபயர்களில் இத்துளை இராது. ஆனால் அவற்றுள் பலவற்றில் ஒலிக்கென்றே வேறு இரு டிஜிட்டல் துளைகள் உண்டு. ஒன்று, 1983-இல் தோஷிபா நிறுவனம் அறிமுகப்படுத்திய ஒளியிழைத் துளை. இதில் செந்நிற ஒளியின் துடிப்புகளாக ஒலிச் செய்தி செல்கிறது. மற்றொன்று, மின் துடிப்புகளை 75 ஓம் கம்பியில் ஏற்கும் கோஆக்சியல் துளை. இரண்டும் கொண்டுசெல்லும் செய்தி ஏறத்தாழ ஒரே அமைப்பினது.

கணக்கு கூறும் உண்மை

இத்துளைகளின் வழி எவ்வளவு செய்தி செல்லக்கூடும் என்பதே இங்கு முக்கிய வினா. ஒலியை வினாடிக்கு 48,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டுகளால் குறித்தால், ஒரு தடத்திற்கு வினாடிக்கு 7,68,000 பிட்டுகளும், இரு தடங்களுக்கு 15,36,000 பிட்டுகளும் வேண்டும். ஆறு தடங்களுக்கோ 46,08,000 பிட்டுகள் தேவை. சுருக்கப்படாத ஒலிக்கு இவ்விணைப்பில் இரு தடங்களுக்கே இடமுண்டு.

ஆனால் டால்பி டிஜிட்டல் என்னும் சுருக்க முறையில், டி.வி.டி. தட்டின் ஆறு தடங்களும் சேர்ந்து வினாடிக்கு 4,48,000 பிட்டுகளுக்கு மேற்படுவதில்லை. ஆகவே அவை அனைத்தும் அவ்விரு தடங்களுக்குரிய இடத்தில் எளிதில் அடங்கிவிடுகின்றன. எனவே, பழைய அமைப்பிற்கு வேண்டுவது புதிய கம்பியன்று. அது அறிந்த சுருக்க முறையில் ஒலியை அனுப்புவதேயாகும்.

இணைக்கும் முறை

முதலாவதாக, புதிய கருவியிலோ தொலைக்காட்சிப் பெட்டியிலோ ஒளியிழைத் துளை உள்ளதா என நோக்குக. இருப்பின், அதனை ஆம்ப்ளிபயருடன் இணைத்து, ஒலி அமைப்புப் பட்டியலில் ‘பி.சி.எம்.’ என்றிருப்பதை ‘டால்பி டிஜிட்டல்’ அல்லது ‘பிட்ஸ்ட்ரீம்’ என மாற்றுக. இணையவழிப் படங்கள் பல, டால்பி டிஜிட்டல் பிளஸ் என்னும் பிந்திய முறையில் வருகின்றன. பழைய ஆம்ப்ளிபயர் இதனை அறியாது, ஆகவே மௌனமாகிவிடும். பழைய டால்பி டிஜிட்டலாக மாற்றி அனுப்பும் வசதி கருவியில் இருப்பின் அதனையே தெரிந்தெடுக்க வேண்டும்.

ஒளியிழைத் துளை இல்லையேல், கருவிக்கும் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் இடையே ஒலி பிரிக்கும் சிறு பெட்டியொன்றைப் பொருத்தலாம். எச்.டி.எம்.ஐ. கருவி, எதிர்முனையின் திறனைக் கேட்டறிந்த பின்னரே ஒலியை அனுப்பும் இயல்புடையது. எதிர்முனையில் தொலைக்காட்சிப் பெட்டி மட்டும் இருப்பதாக அது கருதின் இரு தடங்களையே தரக்கூடும். எனவே பிரிக்கும் பெட்டியில் ‘5.1’ எனக் குறித்த விசை உள்ளதா எனப் பார்த்து வாங்குதல் நலம்.

இவை எதுவும் இயலாவிடினும் இருதட ஒலியை ஏற்கலாம். 1987-இல் வந்த டால்பி புரோ லாஜிக் வசதியுள்ள ஆம்ப்ளிபயர், அவ்விரு தடங்களிலிருந்தே நடு ஒலியையும் பின்புற ஒலியையும் ஓரளவு பிரித்தெடுக்கும்.

பிழை காணல்

அனைத்துக் கருவிகளையும் அணைத்த பின்னரே இணைத்தல் வேண்டும். ஒலி வாராவிடில், ஒளியிழையின் மறுமுனையை வெள்ளைத் தாளின் அருகே பிடித்துப் பார்க்கலாம். சிவந்த புள்ளி தோன்றினால் ஒளி வருகிறது என்பது உறுதி. அப்பொழுது குறை பெரும்பாலும் ஒலி முறைத் தேர்விலேயே இருக்கும். முனையைக் கண்ணருகே கொண்டுசென்று பார்த்தல் ஆகாது. இழையைக் கூர்மையாக மடித்தலும் கூடாது. ஒலி வந்து, ஆனால் உதட்டசைவை முந்தினால், தொலைக்காட்சிப் பெட்டி படத்தைச் சீர்செய்யக் காலம் எடுத்துக்கொள்கிறது என்று அறிக. ஆம்ப்ளிபயரில் ஒலித் தாமத வசதி இருப்பின், பார்வையாளர் நடுவே அமர்ந்து அதனைச் சரிசெய்யலாம்.

ஆசிரியர்கள் இக்கணக்கையும் ஒளியிழைச் சோதனையையும் வகுப்பிலேயே செய்து காட்டலாம். உண்மையிலேயே பழுதடைந்த கருவியை, 1.4.2023 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பதிவுபெற்ற மறுசுழற்சி நிலையம் சேரச் செய்தல் வேண்டும். ஆனால் ஒரு கருவி பழுதுற்றது என்று முடிவு செய்யுமுன், அதற்குப் புரியும் முறையில் ஒலி அனுப்பப்பட்டதா என்று ஒருமுறை சோதித்தல் கடமையாகும்.