கையுறை போட வேண்டுமா, வேண்டாமா? தொழிற்கல்வி மாணவர்களும் பணியிடப் பாதுகாப்பும்



தொழிற்பயிற்சி முடித்து வந்த மாணவன் ஒருவன் வகுப்பில் சொன்னான்: "டீச்சர், கையுறை பெட்டி பெட்டியா இருந்துச்சு. ஆனா யாருமே போடல. நான் மட்டும் போட்டா சிரிப்பாங்கன்னு நானும் விட்டுட்டேன்." எந்த வேலையில் இருந்தாய் என்று கேட்டேன். "துளை போடுற மெஷின் டீச்சர்" என்றான். சுழலும் இயந்திரத்தில் கையுறை போடவே கூடாது. நுனி சிக்கினால் விரலையும் சேர்த்து இழுத்துவிடும். ஆக, அவன் செய்தது சரி. ஆனால் ஏன் சரி என்று அவனுக்குத் தெரியவில்லை. நாளைக்கே அமிலம் கையாளும் பகுதிக்கு மாற்றினால், அங்கேயும் வெறுங்கையோடுதான் நிற்பான்.

பாதுகாப்பு விதியை மனப்பாடம் செய்வது வேறு, காரணம் அறிந்து நடப்பது வேறு. இந்தக் கட்டுரை அந்த இரண்டாவதைப் பற்றியது.

தோட்டம் சொல்லும் பாடம்

கெடாவில் நம் பிள்ளைகள் பலருடைய தாத்தா பாட்டி பீடோங், லூனாஸ், பாடாங் செராய், பாலிங் பக்கத்துத் தோட்டங்களில் வேலை செய்தவர்கள். விடியுமுன் பெரட்டு, தலையில் விளக்கு, கையில் உளி, காலடியில் பாம்பு. பால் உறையாமலிருக்க அமோனியா, உறைய வைக்க ஃபார்மிக் அமிலம். பிறகு செம்பனை வந்தது. முதுகில் பம்பு கட்டிக் களைக்கொல்லி தெளிக்கும் வேலையில் பெண்களே அதிகம். அதை 'மருந்தடிக்கிற வேலை' என்றுதான் இன்றும் சொல்கிறோம். நஞ்சுக்கு 'மருந்து' என்று பெயர் வைத்துவிட்டால் பயம் எங்கிருந்து வரும்?

பராகுவாட் என்ற களைக்கொல்லியின் கதை இதற்கு நல்ல சான்று. 2002-இல் தெனாகானித்தா அமைப்பும், பினாங்கில் இயங்கும் ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி நடவடிக்கைக் கட்டமைப்பும் சேர்ந்து, தோட்டத்துப் பெண் தொழிலாளர்களின் நிலையை ஆய்வு செய்து வெளியிட்டன. அதே ஆண்டில் அரசாங்கம் தடையை அறிவித்தது, 2006-இல் தளர்த்தியது, 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத்தடை நடப்புக்கு வந்தது. நாடு கடந்து சேர்ந்து உழைத்தால் பலன் உண்டு, ஆனால் பொறுமை வேண்டும் என்பதற்கு இந்த 18 ஆண்டுகளே சாட்சி.

சட்டம் என்ன சொல்கிறது?

1991 மே 7-ஆம் நாள் சுங்கை பூலோவில் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்த அதிர்ச்சிக்குப் பின் வந்ததே 1994-ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் (சட்டம் 514). பிரிட்டனின் 1974-ஆம் ஆண்டுச் சட்டமே இதற்கு முன்மாதிரி. 2022-இல் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் திருத்தங்கள் அமலில் உள்ளன. மாணவர்கள் அறிய வேண்டியவை இவை:

1. பிரிவு 15: ஊழியரின் பாதுகாப்பு முதலாளியின் கடமை.
2. பிரிவு 17: ஊழியர் அல்லாதவர்களுக்கும் ஆபத்து நேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பயிற்சிக்கு வரும் மாணவரை 'நம்ம ஆள் இல்லை' என்று கைகழுவ முடியாது.
3. பிரிவு 18பி: இடர் மதிப்பீடு செய்தாக வேண்டும்.
4. பிரிவு 24: ஊழியருக்கும் கடமை உண்டு. கொடுத்த பாதுகாப்புக் கருவியை அணியாவிட்டால் அதுவும் குற்றமே.
5. பிரிவு 26ஏ: உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தக்க காரணம் இருந்து, முதலாளியும் அதை நீக்காவிட்டால், ஊழியர் அவ்விடத்தை விட்டு விலகலாம்.
6. பிரிவு 29ஏ: ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும்.

முதலாளி கடமை தவறினால் அபராதம் முன்பு 50,000 வெள்ளி வரை. இப்போது 500,000 வெள்ளி வரை. பயிற்சி மாணவர் ஆபத்தைக் கண்டால் அங்குள்ள மேற்பார்வையாளரிடமும், உடனே கல்லூரி ஆசிரியரிடமும் சொல்ல வேண்டும். 'புகார் சொன்னா மார்க் குறைச்சிடுவாங்களோ' என்ற பயத்தைப் போக்குவது நம் பொறுப்பு, ஆசிரியர்களே.

வெளிநாட்டுக் கூட்டுறவு: கெடாவுக்குப் புதிதல்ல

கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் உள்ள மலேசிய ஸ்பானியக் கழகம் இரு நாடுகளின் ஒத்துழைப்பில் உருவானது. இன்று கோலாலம்பூர் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகம். அதே பூங்காவில் ஜெர்மனியின் இன்ஃபினியன், அமெரிக்காவின் இன்டெல் ஆலைகள் உள்ளன. 2005-இல் தொடங்கிய தேசிய இரட்டைப் பயிற்சி முறை ஜெர்மனியைப் பார்த்து அமைத்தது. அதில் 70 முதல் 80 விழுக்காடு பயிற்சி வேலையிடத்திலேயே நடக்கும். அப்படியானால் பாதுகாப்புப் பாடத்தின் பெரும்பகுதியும் அங்கேதான் நடக்கிறது. நல்ல பழக்கமும் அங்கேதான் தொற்றும், கெட்ட பழக்கமும் அங்கேதான் தொற்றும்.

நம் பள்ளியும் வெளிநாட்டுப் பள்ளியும் கைகோத்தால் என்ன கிடைக்கும்? ஓர் எடுத்துக்காட்டு. பூச்சிக்கொல்லிப் புட்டிகளின் வண்ணப்பட்டையைப் பாருங்கள். மலேசியாவில் கறுப்பு, சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை என்ற வரிசையில் நச்சு குறையும். இந்தியாவில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை. அங்கே சிவப்புதான் உச்சம். இங்கே அதற்கு மேல் கறுப்பு இருக்கிறது. கெடா மாணவரும் தமிழ்நாட்டு ஐ.டி.ஐ. மாணவரும் படம் எடுத்து அனுப்பிப் பேசினாலே, நிறத்தை மட்டும் நம்பாமல் முழு அட்டையையும் படிக்க வேண்டும் என்பது தானாகப் புரியும். இதற்கு மாறாக, இரசாயனப் பொருள்களுக்கான ஐ.நா. வகைப்பாட்டில் உள்ள ஒன்பது அடையாளப் படங்கள் எந்த நாட்டிலும் ஒன்றே. எங்கே வேறுபடுகிறது, எங்கே ஒன்றாகிறது என்று மாணவர்களே பட்டியலிடட்டும்.

இன்னொரு துணை, ஐரோப்பிய அமைப்புகள் சேர்ந்து எடுத்த 'நாப்போ' கேலிப்படங்கள். வசனமே கிடையாது. தமிழ், மலாய், நேப்பாளி என எந்த மொழி பேசுபவருக்கும் விளங்கும். படத்தை நிறுத்தி, "இப்ப என்ன நடக்கும்?" என்று கேளுங்கள். பின்வரிசையில் தூங்குகிற பையனும் வாய் திறப்பான்.

வகுப்பில் செய்து பார்க்க

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக் காட்டுங்கள். அபாயம் என்பது தீங்கு செய்யக்கூடிய பொருள் அல்லது நிலை. இடர் என்பது அந்தத் தீங்கு நேரும் வாய்ப்பும் அதன் கடுமையும் சேர்ந்தது. நம் நாட்டு வழிகாட்டியின்படி இரண்டுக்கும் 1 முதல் 5 வரை புள்ளி கொடுத்துப் பெருக்க வேண்டும். 15 முதல் 25 வரை உயர்ந்த இடர். 5 முதல் 12 வரை நடுத்தரம். 1 முதல் 4 வரை குறைவு.

அந்த மாணவனின் இயந்திரத்தையே எடுத்துக்கொள்வோம். கையுறையோடு துளை போட்டால் விரல் போகும் வாய்ப்பு 5, கடுமை 3 என்று வைப்போம்: 15, உயர்ந்த இடர். கையுறையைக் கழற்றி, முடியைக் கட்டி, பொருளைப் பிடிகருவியில் இறுக்கினால் வாய்ப்பு 2: மொத்தம் 6. கடுமை மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். விரல் போனால் போனதுதான். குறைந்தது வாய்ப்பு மட்டுமே.

அடுத்து, தடுக்கும் வழிகளின் வரிசை: அபாயத்தை நீக்குதல், மாற்றுப் பொருள், இயந்திரக் காப்பு, வேலை முறை, கடைசியில் தற்காப்புக் கருவி. கையுறையும் முகக்கவசமும் கடைசிப் படிதான். பராகுவாட் தடை முதற்படி.

தேர்வு மாணவர்களுக்கு

'பணியிட விபத்துகளைத் தவிர்க்கும் வழிகள்' என்ற தலைப்பு வந்தால், 'கவனமாக இருக்க வேண்டும்' என்று மூன்று பத்தியிலும் ஒன்றையே எழுதாதீர்கள். முதலாளியின் கடமை, ஊழியரின் கடமை, கல்வி நிலையத்தின் பங்கு என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணமும் ஒரு சான்றும் கொடுங்கள். 2022-இல் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் பாதுகாப்பான பணிச்சூழலை அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது. முடிவுரைக்கு இது உதவும்.

வீட்டுக்குப் போய்த் தாத்தா பாட்டியிடம் ஒரு கேள்வி கேட்டு வாருங்கள்: "மருந்தடிச்சப்ப கையில என்ன போட்டிருந்தீங்க?" அந்தப் பதிலோடு அடுத்த பாடத்தைத் தொடங்கலாம்.