கேமரா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது

பல்கலைக்கழகத்தில் ஊடகவியல் படித்தபோது, விரிவுரையாளர் ஒருவர் பழைய செய்திப்படம் ஒன்றைப் போட்டுக் காட்டினார். டாங்கி சுடுகிறது. மறுகணம் கேமரா தரையில் விழுந்து கிடக்கிறது. ஆனாலும் அது ஓடிக்கொண்டே இருக்கிறது. படம் பிடித்தவர் இறந்துவிட்டார் என்றார். வகுப்பே உறைந்துபோனது. 'நீல் டேவிஸ்' என்று பெயரைக் குறித்துக்கொண்டேன். அதோடு சரி.

வானொலிக்கு வந்து பல வருடங்கள் கழித்து, ஒரு நிகழ்ச்சிக்காகத் தகவல் தேடியபோதுதான் அவர் எப்படி வாழ்ந்தார் என்று தெரியவந்தது.

1934இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பிறந்தவர் டேவிஸ். 'விஸ்நியூஸ்' செய்தி நிறுவனத்தின் ஒளிப்பதிவாளராக அவர் வந்து இறங்கிய இடம் நம் சிங்கப்பூர். மலேசியாவுக்கு எதிராக இந்தோனேசியா நடத்திய 'கொன்ஃப்ரண்டாசி' மோதலை போர்னியோ காடுகளில் படமெடுத்தார். பிறகு வியட்நாம், கம்போடியா என்று பதினோரு ஆண்டுகள் போர்முனையிலேயே கழிந்தன.

வியட்நாமில் வெளிநாட்டுச் செய்தியாளர்களில் பெரும்பாலோர் அமெரிக்கப் படைகளோடு போனார்கள். டேவிஸ் தென் வியட்நாம் வீரர்களோடு நடந்தார். அவர்கள் நாட்டில் நடக்கும் போர், அதிகம் சாகிறவர்களும் அவர்களே. அதை யார் காட்டுவது என்பது அவர் எண்ணம். பெரும்பாலும் தனி ஆள்தான். படம், ஒலி, செய்தி மூன்றையும் ஒருவரே பார்த்துக்கொண்டார். குண்டு வெடிப்பதைவிட, அதன் நடுவே நிற்கும் மனிதனின் முகத்தைத்தான் அவர் கேமரா தேடியது.

1974இல் கம்போடியாவில் பட்ட காயத்தில் ஒரு காலையே இழக்க வேண்டிய நிலை. தேறி எழுந்து மறுபடியும் கேமராவைத் தூக்கினார். 1975 ஏப்ரல் 30 அன்று, வட வியட்நாம் டாங்கி சைகோன் அதிபர் மாளிகையின் வாசற்கதவை இடித்துக்கொண்டு நுழைந்தபோது, உள்ளே காத்திருந்து படமெடுத்தார்.

இவ்வளவையும் தாண்டி வந்தவரின் உயிர், 1985 செப்டம்பர் 9 அன்று, சில மணி நேரத்தில் அடங்கிப்போன ஓர் ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சியில் பாங்காக் தெருவில் போனது. அப்போது அவர் என்பிசி தொலைக்காட்சியில் இருந்தார். வயது 51.

1979இல் டேவிட் பிராட்பரி எடுத்த 'ஃபிரண்ட்லைன்' ஆவணப்படத்தில் டேவிஸ் தம் அனுபவங்களைப் பேசுகிறார். ஆர்ப்பாட்டமில்லாத குரல். குரலை வைத்தே பிழைக்கும் எனக்கு, அதைக் கேட்ட பிறகுதான் அவர் ஒரு மனிதராகத் தெரிந்தார். அதுவரை அவர் எனக்கு ஒரு மரணக் காட்சி மட்டுமே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாங்காக்கில் அன்று அவர் தனியாக இல்லை. ஒலிப்பதிவாளர் பில் லாட்ச் உடன் இருந்தார். அதே தாக்குதலில் அவரும் உயிரிழந்தார். ஒலியை நம்பி வாழ்ந்தவர், என் இனம். அன்று வகுப்பில் நான் ஒரு பெயரைத்தான் எழுதினேன். இரண்டு பெயர்களை எழுதியிருக்க வேண்டும்.