வீசம் பங்குக் கிணறு

திண்டுக்கல் சமவெளியில் பழைய பாகப் பிரிவினைப் பத்திரம் ஒன்று கையில் கிடைத்தால் எடுத்துப் படித்துப் பாருங்கள். நிலத்தின் நான்கெல்லை இருக்கும். வீட்டடி, மாட்டுக்கொட்டம், களம், படப்படி எல்லாம் வரிசையாக வரும். அதற்குப் பிறகு தவறாமல் ஓர் இடம் வரும்: கிணற்றில் பங்கு இவ்வளவு, இறவை முறை இத்தனை நாள், கமலை ஓட்டும் தடத்தில் பாத்தியம், வாய்க்கால் பாத்தியம். அம்மிக்கல்லும் அண்டாவும் வரை அண்ணன் தம்பிக்குப் பிரித்துக் கொடுத்தவர்கள், கிணற்றை மட்டும் பொதுவில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய குடியானவனின் வாழ்க்கையையும் குடும்பத்தையும் எழுதச் சொன்னார்கள். பாளையக்காரர்களுக்குக் கதைப்பாடல் உண்டு, கோயில்களுக்குக் கல்வெட்டு உண்டு. வேடசந்தூர்ப் பக்கம் செவ்வல் காட்டில் பத்து ஏக்கர் புஞ்சை உழுதவனுக்கு என்ன உண்டு? பட்டாவில் ஒரு பெயர். அவன் பெண்டாட்டி பெயர் அதிலும் கிடையாது. தேடத் தேட எனக்குக் கண்ணில் பட்டதெல்லாம் கிணறுதான். அவன் கையால் செய்து, இன்றைக்கும் நின்ற இடத்தில் நிற்பது அது ஒன்றே. ஆகவே அவன் கதையைக் கிணற்றடியிலிருந்தே சொல்கிறேன்.

திண்டுக்கல் 1792-ல் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனதும், அப்புறம் நடந்த நிலவரி ஏற்பாடுகளும் பள்ளிப் புத்தகத்தில் இருக்கின்றன. குடியானவனுக்குத் தெரிந்தது பசலி என்ற வரி ஆண்டும் கிஸ்தி என்ற தவணையும். மணியக்காரர் வருவார், கர்ணம் கணக்குப் பார்ப்பார், ஜமாபந்தியில் தீர்வை முடிவாகும். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் பணமாகக் கட்ட வேண்டும். கொடைக்கானல் மலை மேற்கே மறித்து நிற்பதால் தென்மேற்குப் பருவமழை இந்தச் சமவெளிக்கு மிச்சம் மீதிதான் வந்து சேரும். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான் பிழைப்பு. சோளமும் கம்பும் சாமையும் வானத்தைப் பார்த்து விளையும். கையில் காசு பார்க்க வேண்டுமென்றால் தோட்டப் பயிர் வேண்டும்: புகையிலை, மிளகாய், பருத்தி. தோட்டம் என்றாலே இங்கே கிணறு உள்ள நிலம் என்றுதான் அர்த்தம். "அவனுக்குத் தோட்டம் இருக்கு" என்றால் பெண் கொடுக்கலாம் என்று பொருள்.

கிணறு வெட்டுவது ஒரு தலைமுறையின் வேலை. மேல்மண்ணை வீட்டு ஆட்களே வெட்டிவிடுவார்கள். பத்துப் பதினைந்து அடியில் சரளை, அதற்குக் கீழே பாறை. அங்கே கல் ஒட்டர்கள் வர வேண்டும். உளியால் குழி போட்டு, கரிமருந்து கெட்டித்து, திரி வைத்து உடைப்பார்கள். உடைந்த கல்லைப் பெண்கள் கூடையில் சுமந்து மேலே ஏற்றுவார்கள். காசு தீர்ந்தால் வேலை நிற்கும். புகையிலை விற்று, அடுத்த வருஷம் இன்னும் நாலு அடி. அப்பன் தொடங்கி மகன் ஊற்றுக்கண் பார்த்த கிணறுகள் இந்தப் பக்கம் ஏராளம். அந்தக் கல்லையே செதுக்கி ஓரங்கட்டி, பக்கச் சுவரில் நீட்டு நீட்டாகக் கல் பதித்துப் படி வைத்திருப்பார்கள். குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் அப்படிப்பட்ட படிகளில் இறங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு கல்லும் நடுவில் குழிந்திருந்தது. அத்தனை கால்கள் மிதித்திருக்கின்றன.

கமலை இறைப்பதைப் பார்த்தவர்கள் இப்போது எழுபதைத் தாண்டியிருப்பார்கள். கிணற்று மேட்டிலிருந்து ஒரு சரிவு. உருளையில் வடம், வடத்தின் நுனியில் சால், சாலின் அடியில் தோலால் தைத்த வால், அதற்கொரு வால்கயிறு. மாடுகள் சரிவில் இறங்கும்போது ஓட்டுகிறவர் வடத்தின்மேல் உட்கார்ந்து தன் எடையையும் சேர்த்துக் கொடுப்பார். சால் மேலே வந்ததும் வால் வழியே தண்ணீர் கொட்டும். பிறகு மாடுகள் பின்னோக்கி நடந்து மேலேற வேண்டும். அப்படி நடக்க மாட்டைப் பழக்குவதற்கே மாதக்கணக்காகும். எத்தனை சால் இறைத்தோம் என்பதற்குக் கணக்குப் பாட்டிலேயே இருக்கும். விடிவதற்கு முன் நுகத்தில் பூட்டினால் வெயில் ஏறும்வரை, பிறகு மாலையில் கொஞ்சம். ஒரு ஜோடி மாடு நாள் முழுக்க இறைத்தாலும் அரை ஏக்கர் நனைந்தால் பெரிது.

அந்த அரை ஏக்கருக்குக் குடும்பமே வேண்டும். அப்பா கமலை ஓட்டுவார். அம்மா மம்பட்டியோடு பாத்தி பாத்தியாக மடை திருப்புவாள். பெரியவன் மாட்டுக்குத் தீனி பார்ப்பான். சின்னவன் கம்மங்கூழ்க் கலயத்தோடு வருவான். மருமகள் புகையிலைச் செடிக்குக் கொழுந்து கிள்ளுவாள். மாமன் மகளையோ அத்தை மகளையோதான் கட்டினார்கள் என்றால், பாசம் ஒரு பக்கம் இருக்கட்டும், கிணற்றுப் பங்கு வெளியே போய்விடக் கூடாது என்ற எண்ணமும் அதில் இருந்தது. பிள்ளை பெற்றவள் தீட்டுக் கழிந்ததும் முதலில் போய்க் கும்பிட்ட இடம், பல வீடுகளில், கிணற்றடி. நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். மற்ற நாளில் கூழும் களியும் சோளச்சோறும். குலுக்கையில் தானியம் எவ்வளவு இருக்கிறது என்பது வீட்டுப் பெரியவளுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம்.

கிணற்றைப் புகழ வந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கமலை வாலுக்குத் தோல் பதம் பண்ணித் தைத்துக் கொடுத்தவர் அதே கிணற்றில் தானாகத் தண்ணீர் மொண்டு குடிக்க முடியாது. யாராவது ஊற்றினால் கையேந்தி வாங்க வேண்டும். பாறையை உடைத்த ஒட்டருக்கும், வருஷக்கூலிக்குக் கமலை ஓட்டிய பண்ணையாளுக்கும் பத்திரத்தில் வீசம் பங்கு எழுதிய குடும்பம் எதையும் நான் கேள்விப்பட்டதில்லை.

1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் வந்து, அங்கிருந்து இங்கிலாந்துக்குப் போன பஞ்சு நின்றது. அதனால் நம் ஊர்ப் பருத்திக்கு விலை ஏறியது. அந்த நாலைந்து வருஷக் காசு பலரிடம் கிணறாக மாறியிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. அதே காலத்தில், 1862-ல், அமெரிக்க அரசு ஒரு சட்டம் போட்டு, மேற்கே குடியேறி ஐந்து வருஷம் உழுகிற குடும்பத்துக்கு 160 ஏக்கர் கொடுத்தது. சமவெளியில் குடியேறிய அந்த விவசாயியும் கிணறுதான் வெட்டினான். அவனுக்குக் காற்றாடி இறைத்துக் கொடுத்தது, நம்மவனுக்கு மாடு இறைத்தது.

மாடுதான் எல்லாம் என்பதை 1876 காட்டியது. தாது வருஷம். பசலிக் கணக்கில் 1286. இரண்டு பருவமழையும் பொய்த்தன. திருச்சியிலிருந்து மதுரைக்கு ரயில் இந்த வழியே ஓடத் தொடங்கி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ரயில் வந்தும் தானிய விலை எட்டாத உயரத்துக்குப் போனது. ஆழமாக வெட்டிய கிணறுகளில் அடியில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. ஆனால் அதை மேலே கொண்டுவர மாட்டுக்கு வலு இல்லை. வைக்கோல் தீர்ந்தது, சோளத்தட்டை தீர்ந்தது, கூரையைப் பிரித்து மாட்டுக்குப் போட்டார்கள். மாடு விழுந்த வீட்டில் கமலை நின்றது. கமலை நின்ற வீட்டில் மனிதர்கள் கிளம்பினார்கள். நிவாரண வேலையில் கல் உடைத்தால் ஒரு கட்டத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியத்துக்கான கூலியும் கொஞ்சம் சில்லறையும்தான். பலர் ராமேசுவரம் பக்கம் நடந்து, கடல் தாண்டி, இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குப் போனார்கள். அந்தப் பஞ்சத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

பஞ்சத்துக்குப் பிறகு, 1883-ல் நில மேம்பாட்டுக் கடன் சட்டம் வந்தது. தக்காவிக் கடன் என்று ஊரில் சொல்வார்கள். கிணறு வெட்டவும் ஆழப்படுத்தவும் அந்தக் கடன் கிடைத்தது. செத்தவன் போக மிஞ்சியவன் மறுபடியும் உளியை எடுத்தான்.

குடியானவன் தலையெழுத்தைத் தீர்மானித்தது தீர்வையும் லேவாதேவிக்காரன் வட்டியும்தான், கிணறு அல்ல என்று வாதிடுகிறவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் வட்டி கட்டுவதற்கும் கிணற்றில்தான் இறைக்க வேண்டியிருந்தது.

இனி அந்தப் பங்குக் கணக்குக்கு வருவோம். நாலு மகன்கள் என்றால் ஆளுக்குக் கால் பங்கு. ஒவ்வொருவருக்கும் இரண்டு பிள்ளைகள், அரைக்கால். அடுத்த தலைமுறையில் வீசம், பதினாறில் ஒன்று. பதினாறு நாளைக்கு ஒரு நாள் உன் முறை. உன் மாடு சுகமில்லை என்றால் சித்தப்பா மகன் தன் மாட்டைத் தருவான், நீ அவன் முறையில் ஆளாகப் போவாய். சண்டை வராமல் இல்லை. முறை மீறியதற்காக அரிவாள் தூக்கியதும் உண்டு, கோர்ட்டுக்குப் போனதும் உண்டு. ஆனாலும் தூர் வாருகிற அன்றைக்குப் பதினாறு பங்காளியும் கிணற்றுக்குள் இறங்கித்தான் ஆக வேண்டும். பேசாத அண்ணனும் தம்பியும் ஒரே கயிற்றின் இரண்டு நுனியில் நின்றார்கள். எந்தக் கிணற்றிலும் மாடு இறைக்கிற அளவுக்கு மேல் யாராலும் எடுக்க முடியாது என்பதால், இரவில் ஊற்று ஊறி மறுநாள் தண்ணீர் நின்றது.

ஆயில் என்ஜின் வந்தது, கரண்ட் மோட்டார் வந்தது. அதுவரைகூடக் கிணறு பொதுவில் இருந்தது. ஆழ்துளைக் கிணறு வந்த பிறகுதான் ஆளுக்கொரு குழாய் என்று ஆனது. 800 அடி, 1,000 அடி என்று போகிறார்கள். போர்வெல் இல்லையென்றால் இன்றைக்கு விவசாயமே இல்லை என்கிறார்கள் நண்பர்கள். அவர்கள் கடனும் கஷ்டமும் எனக்குத் தெரியும். ஆனால் என் மனசு ஆறவில்லை. திண்டுக்கல் மாவட்டத்தின் பல ஒன்றியங்கள், ஊறுவதைவிட உறிஞ்சுவது அதிகம் என்ற பட்டியலில் இருக்கின்றன. நகரத்தைச் சுற்றிலும் தோல் தொழிலின் கழிவு இறங்கி, தண்ணீர் இருந்தும் வாயில் வைக்க முடியாமல் போன கிணறுகள் தனிக் கதை. 160 ஏக்கர் வாங்கிய அந்த அமெரிக்கக் குடும்பத்தின் பேரப்பிள்ளைகளும் இதே கதிக்கு வந்திருக்கிறார்கள். நெப்ராஸ்காவிலிருந்து டெக்சாஸ் வரை பரந்து கிடக்கும் ஒகலாலா நிலத்தடி நீர்த்தேக்கம், குறிப்பாகத் தெற்கே, வருஷத்துக்கு வருஷம் இறங்குகிறது.

எனக்குத் தூக்கம் வராத விஷயம் இன்னொன்று. வற்றிய கிணற்றை என்ன செய்கிறார்கள்? மூடுகிறார்கள். மனை போடுகிறவர் முதலில் லாரியில் மண் கொண்டுவந்து அதைத்தான் நிரப்புகிறார். நான்குவழிச் சாலை ஓரத்தில் கட்டிட இடிசல் கொட்டும் குழி அதுதான். தலைமுறை தலைமுறையாக உடைத்த பாறை இரண்டு நாளில் தூர்ந்துவிடுகிறது. புதிய பத்திரத்தில் 'கிணறு உள்பட' என்ற சொல்லே காணாமல் போகிறது. அதோடு அந்த மனிதனின் கடைசித் தடயமும் போகிறது. மழைத் தண்ணீர் உள்ளே இறங்க அவன் திறந்து வைத்த வாசலும் அடைபடுகிறது. நாற்பது அடி ஆழத்துக்கு வெட்டிய குழியை இன்றைக்கு மழைநீர் சேகரிப்புக்கென்று புதிதாகத் தோண்ட என்ன செலவாகும் என்று விசாரித்துப் பாருங்கள்.

உங்கள் வீட்டுப் பத்திரத்தில் கிணற்றுப் பங்கு என்று ஒரு வரி இருந்தால், அது வீசமோ அரைக்காலோ, இந்த வருஷம் ஊருக்குப் போய் அந்தக் கிணற்றைப் பாருங்கள். பங்காளிகளைக் கூப்பிடுங்கள். முள்ளை வெட்டி, தூரை வாரி, காட்டுத் தண்ணீர் உள்ளே வருவதற்கு ஒரு வாய்க்கால் வெட்டிவிடுங்கள். வண்டல் உள்ளே போகாமல் முகப்பில் ஒரு சிறு குழி எடுத்துக் கல் போடுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் செய்துவிடுங்கள். மண் கொட்ட லாரி வந்தால், தயவுசெய்து திருப்பி அனுப்புங்கள்.