பாண்டி பாட்டிலும் கிரிவலப் பாதையும்

பௌர்ணமி சனி, ஞாயிறை ஒட்டி வந்துவிட்டால் போதும், சென்னையிலும் பெங்களூரிலும் ஒரே மாதிரி திட்டம் போடுகிறார்கள். முதல் நாள் புதுச்சேரி கடற்கரை. மறுநாள் திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை. இரவு 14 கிலோமீட்டர் கிரிவலம், விடியற்காலையில் ஊருக்குப் புறப்பாடு. இடையில் சேர்ந்துகொள்வது காரின் டிக்கியில், துணிப்பைக்கு அடியில், துண்டில் சுற்றி வைத்த நாலைந்து பாட்டில். பாண்டியில் விலை குறைவு என்பது ஒரு காரணம். தீபத் திருவிழா நாள்களில் கிரிவலப் பாதையை ஒட்டிய டாஸ்மாக் கடைகளை மூட மாவட்ட ஆட்சியர் உத்தரவிடுவது வழக்கம்; அங்கே கிடைக்காது, கையோடு கொண்டுபோவோம் என்பது இன்னொரு காரணம். “கடையில காசு கொடுத்து வாங்கினது, பில் இருக்கு, என்ன பயம்?” என்ற தைரியமும் கூடவே வருகிறது.

அந்த பில் புதுச்சேரி எல்லை வரைக்கும்தான் செல்லும்.

பாட்டிலின் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். புதுச்சேரியில் மட்டும் விற்பனைக்கு என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். அரசமைப்புச் சட்டத்தில் மது மாநிலப் பட்டியலில் இருக்கிறது. 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோதும் குடிப்பதற்கான மதுவை அதற்கு வெளியே வைத்துவிட்டார்கள். ஆகவே கலால் வரி ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி. தமிழ்நாட்டில் 2003 நவம்பரிலிருந்து சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கையில். அதன் பாட்டிலில் ஹாலோகிராம் முத்திரை ஒட்டியிருக்கும். அது இல்லாத பாட்டில், தமிழ்நாட்டுக்கு வரி கட்டாத பாட்டில். செக்போஸ்ட்டில் முதலில் பார்ப்பது இதைத்தான்.

நாம் எல்லோரும் மறந்துபோன ஒன்று, இங்கே 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அரசே கடை நடத்தும் மாநிலத்தில் மதுவிலக்குச் சட்டமா என்று சிரிக்கலாம். சிரித்தாலும் வழக்கு அதன்படிதான் பதிவாகும். அனுமதியில்லாமல் மதுவை மாநிலத்துக்குள் கொண்டுவருவது, ஏற்றிச் செல்வது, வைத்திருப்பது மூன்றுமே அதன் 4-ஆம் பிரிவில் வருகின்றன. விற்பதற்குத்தான் தண்டனை, சொந்த உபயோகத்துக்கு இல்லை என்று நினைப்பது தவறு. “ஆளுக்கு இத்தனை பாட்டில் வரைக்கும் பரவாயில்லை” என்று காருக்குள் ஒருவர் கணக்குச் சொல்வார். அந்தக் கணக்கு சரியா தப்பா என்பதை கிளியனூர்ப் பக்கம் ராத்திரி பதினோரு மணிக்கு டார்ச் அடித்து நிற்கும் காவலரிடம் வாதாடித் தீர்க்க முடியாது. நீதிமன்றத்தில்தான் முடியும். அதற்குள் பௌர்ணமி போய்விடும்.

போவது பௌர்ணமி மட்டும் என்றால் பரவாயில்லை. பெரிய நஷ்டம் வண்டி. மதுவை ஏற்றி வந்த வாகனத்தைப் பறிமுதல் செய்ய சட்டத்தில் இடமுண்டு. சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், பல லட்ச ரூபாய் கார் காவல் நிலைய வளாகத்தில் வெயிலிலும் மழையிலும் நிற்கும். வாடகைக் கார் என்றால் இன்னும் கொடுமை. பாட்டில் பயணிகளுடையது, மாட்டிக்கொள்வது டிரைவரும் உரிமையாளரும். புதுச்சேரியிலிருந்து சவாரி எடுக்கும் டிரைவர்கள், “அண்ணே, சரக்கு இருந்தா இங்கேயே சொல்லிடுங்க, நான் ஏத்த மாட்டேன்” என்று புறப்படும்போதே கேட்டுவிடுவது நல்லது. அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

சரி, பிடித்துவிட்டார்கள். அப்போதும் உங்களுக்கு உரிமைகள் உண்டு. சோதனையையும் கைப்பற்றுவதையும் வீடியோவாகப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவு. பெண்ணை உடல் சோதனை செய்வதானால் பெண்தான் செய்ய வேண்டும். எத்தனை பாட்டில், என்ன அளவு என்று மகஜரில் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். நாலு பாட்டில் பதினாலாக மாறிவிடக் கூடாது. கைது என்றால் காரணம் சொல்ல வேண்டும், வீட்டாருக்குத் தகவல் தர வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100-ஐ அழைத்தால் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழிகாட்டும். வாகனத்தைப் பறிமுதல் செய்யும் முன் உரிமையாளருக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, அவர் தரப்பைக் கேட்க வேண்டும். தனக்குத் தெரியாமல் நடந்தது என்று காட்ட அந்த நோட்டீஸ்தான் வாய்ப்பு. வாடகைக் கார் உரிமையாளர்கள் அதை மேசை டிராயரில் போட்டுவிட்டு மறக்கக் கூடாது. ரசீது இல்லாமல் யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். கொடுத்தால் நீங்களும் இன்னொரு குற்றத்தில் சேர்ந்துவிடுகிறீர்கள்.

கப்பல் பயணம் போகிறவர்களுக்கும் இதே குழப்பம்தான். சிங்கப்பூரில் ஏறி பினாங்கு போய்த் திரும்பும் கப்பல்கள் நம்மவர்களிடம் பிரபலம். ஊரிலிருந்து கொண்டுபோகும் விஸ்கியைக் கப்பலில் திறக்கலாம் என்று நினைத்தால், பெரும்பாலான நிறுவனங்கள் ஏறும்போதே ஸ்கேனரில் பார்த்து வாங்கி வைத்துக்கொண்டு, இறங்கும் நாளில்தான் திருப்பித் தரும். வைன் ஒரு பாட்டில் விடுகிற நிறுவனங்களும் உண்டு. டிக்கெட் நிபந்தனையில் பார்த்துக்கொள்ளுங்கள். மலேசியாவிலிருந்து சிங்கப்பூருக்குள் வருகிறவர்களுக்கு மதுவில் வரிச்சலுகையே கிடையாது. 48 மணி நேரமாவது வெளியே இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை வேறு. இந்தியா திரும்பும்போது வரியில்லாமல் 2 லிட்டர். விமான லக்கேஜில் 24 முதல் 70 சதவீதம் வரை ஆல்கஹால் உள்ளதை ஆளுக்கு 5 லிட்டர் வரை வைக்கலாம். 70-க்கு மேல் அறவே கூடாது. மீனம்பாக்கத்தில் இறங்கியபின் வீடு சேரும்வரை டியூட்டி ஃப்ரீ பில்லையும் போர்டிங் பாஸையும் பத்திரமாக வைத்திருங்கள்.

திருவண்ணாமலைக்கு வருவோம். சட்டத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. புதுச்சேரியில் சாராயக் கடையும் கள்ளுக் கடையும் அனுமதியோடு நடக்கின்றன. தமிழ்நாட்டில் இரண்டுக்கும் தடை. “பாண்டி சரக்கு” என்ற பெயரைச் சொல்லி லேபிள் இல்லாத பாட்டிலும் பாக்கெட்டும் இந்தப் பக்கம் கைமாறுவது அதனால்தான். 2023 மே மாதம் மரக்காணத்திலும், 2024 ஜூனில் பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்திலும் உயிர்களைக் குடித்தது கள்ளச்சாராயத்தில் இருந்த மெத்தனால். கள்ளக்குறிச்சியில் மட்டும் 65 பேருக்கு மேல். அதன்பிறகுதான் சட்டத்தைத் திருத்தி, சாவுக்குக் காரணமான கள்ளச்சாராய வியாபாரிக்கு ஆயுள் தண்டனை வரையிலும் 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் வைத்தார்கள். மெத்தனால் குடித்தவுடன் ஒன்றும் தெரியாது. பல மணி நேரம் கழித்து வயிற்று வலி, வாந்தி, கண் மங்கல், மூச்சுத் திணறல். போதை தெளியவில்லை என்று தூங்க வைக்காதீர்கள். 108-ஐ அழைத்து, குடித்ததை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். சீக்கிரம் போனால் டயாலிசிஸும் மாற்று மருந்தும் காப்பாற்றும். தாமதித்தால் பார்வை போகும், உயிரும் போகும்.

குடித்துவிட்டுக் கோயிலுக்குள் போகலாமா என்ற கேள்விக்கும் சட்டத்தில் பதில் உண்டு. 1947-ஆம் ஆண்டு ஆலய நுழைவு விதிகள் குடித்தவர்களை அனுமதிப்பதில்லை. ஸ்டியரிங் பிடித்தால் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம்தான் எல்லை. தாண்டினால் முதல் தடவையே 10,000 ரூபாய் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

ஒன்றை எந்தச் சட்டப் பிரிவும் சொல்லாது. கிரிவலம் போகிறவர்களில் பெரும்பாலோர் செருப்பில்லாமல் நடக்கிறார்கள். இந்திர லிங்கத்திலிருந்து ஈசான்ய லிங்கம் வரை, கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, முழங்கால் வலியோடு, இருட்டில். பாதையோரப் புதரில் எறிந்த குவார்ட்டர் பாட்டில் உடைந்தால் அதன் சில்லு குத்துவது அவர்களின் காலில்தான். 2022-ல் நீலகிரியில் தொடங்கிப் பல மாவட்டங்களுக்கு விரிந்த திட்டப்படி, டாஸ்மாக் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் கிடைக்கும். பாண்டி பாட்டிலுக்கு அதுவும் இல்லை, புதரில்தான் போகும்.

கள்ளச்சாராயமோ, வெளிமாநில மதுவைக் கடத்தி விற்பதோ கண்ணில் பட்டால் மதுவிலக்குப் பிரிவின் கட்டணமில்லா எண் 10581. பாண்டியில் குடிப்பவர்கள் பாண்டியிலேயே முடித்துக்கொண்டு, போதை தெளிந்தபின் காலி டிக்கியோடு திருவண்ணாமலைக்கு வாருங்கள்.